மாதாமாதம் 911 கட்டணம், இப்போது சொத்து வரியுமா?

கேள்வி: வணக்கம் அக்கா. நாங்கள் பென்சில்வேனியாவில் இருக்கிறோம், எச்-ஒன்-பி விசா. பக்கத்துக் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) அப்பார்ட்மெண்ட்டில் இருந்துவிட்டுப் போன வருடம்தான் வீடு வாங்கி இங்கே வந்தோம். புது வீட்டில் சிக்னல் சுமார்தான், பெரும்பாலும் வைஃபை வழியாகத்தான் போன் பேசுகிறோம். செப்டம்பரில் ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் ராத்திரி பதினோரு மணிக்குப் பாத்ரூம் வாசலில் மயங்கி விழுந்துவிட்டார். 911-ஐக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, மனைவி வாய்விட்டு நாற்பது வரை எண்ணிவிட்டாள். எடுத்தவர் பக்கத்துக் கவுண்டிக்காரர். அவர் எங்கள் கவுண்டிக்கு மாற்றிவிட, அங்கே ஒரு பெண் மறுபடி முதலிலிருந்து கேள்வி மேல் கேள்வி கேட்டார். சர்க்கரை இறங்கியதுதான் காரணம், அத்தை இப்போது நலம். ஆனால் ஆம்புலன்ஸுக்கு ஆயிரத்துச் சொச்சம் டாலர் பில் வந்தது. போன் பில்லிலோ நாலு லைனில் ஒவ்வொன்றுக்கும் மாதாமாதம் 1.95 டாலர் 911 கட்டணம். இப்போது 911 மையத்தின் செலவைக் காரணம் காட்டிக் கவுண்டி சொத்து வரியை அரை மில் ஏற்றப் போகிறார்களாம். நியூஜெர்சி எடிசனில் இருக்கும் மைத்துனர், "911 பணத்தை அரசாங்கமே வேறு எதற்கோ எடுத்துக்கொள்கிறது" என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார். ஒரே சேவைக்கு மூன்று தடவை கொடுக்கிறோமா? பட்ஜெட் கூட்டத்துக்குப் போய்க் கேட்கலாம் என்று நான் நினைக்கிறேன், ஓட்டு இல்லாத நமக்கு அங்கே என்ன வேலை என்கிறாள் மனைவி. அன்றைக்கு நடந்ததைப் புகாராகக் கொடுத்தால் அந்தப் பெண்ணின் வேலைக்கு ஏதாவது ஆகுமோ என்றும் தயக்கமாக இருக்கிறது. பெயர் வேண்டாம்.

பதில்: தம்பி, அத்தை நலம் என்ற வரியைத் தேடிப் பிடித்துப் படித்துவிட்டுத்தான் மறுபடி மேலே வந்து கடிதத்தை முதலிலிருந்து படித்தேன். இதே மாநிலத்தில் வேறொரு கவுண்டியின் 911 மையத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். முதல் ஆறு வருடம் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, அப்புறம் முதுகுவலி வந்து பட்ஜெட் மேஜைக்கு மாறினேன். அதனால் நீங்கள் திட்ட நினைக்கிற இரண்டு பக்கமும் நான் உட்கார்ந்த பக்கம்தான், அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

முதலில் ஆம்புலன்ஸ் பில். அத்தைக்கு இதை ஊர்க்கணக்கில் சொல்வது சுலபம். தமிழ்நாட்டில் 2008-லிருந்து 108 ஓடுகிறது, போனை எடுப்பவரும் வண்டியும் அதில் வருகிறவரும் ஒரே ஏற்பாடு, செலவு அரசாங்கத்தினுடையது, யாரும் பில் நீட்டுவதில்லை. இங்கே 911 என்பது போனை எடுத்து, யாரை அனுப்புவது என்று முடிவு செய்து, ரேடியோவில் சொல்லி அனுப்பும் இடம், அவ்வளவுதான். வருகிற ஆம்புலன்ஸ் அநேகமாக லாப நோக்கில்லாத ஒரு தனி அமைப்பினுடையது, இல்லாவிட்டால் ஒரு மருத்துவமனையினுடையது. அவர்களுக்கு வருமானம் இன்சூரன்ஸிலிருந்து வருகிறது, இன்சூரன்ஸ் கொடுக்காததை உங்களிடம் கேட்பார்கள். தீயணைப்பு வண்டி வந்திருந்தால் அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் தொண்டர்கள், பகலில் எங்காவது வேலை பார்த்துவிட்டு ராத்திரி பேஜர் அடித்தால் ஓடி வருகிறவர்கள். போலீஸ் உங்கள் டவுன்ஷிப்பினுடையது (கவுண்டிக்குள் இருக்கும் சின்ன உள்ளாட்சி), டவுன்ஷிப்புக்கு என்று போலீஸ் இல்லையென்றால் மாநிலப் போலீஸ். நீங்கள் கட்டும் 1.95 டாலரில் ஒரு காசுகூட அந்த ஆம்புலன்ஸுக்குப் போகாது, சட்டப்படி அதை வண்டி வாங்கச் செலவிடவும் கூடாது. அத்தைக்கு எடுத்த விசிட்டர் இன்சூரன்ஸில் ஆம்புலன்ஸுக்கு என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். பில்லை அப்படியே கட்டிவிடாதீர்கள், அந்த ஆம்புலன்ஸ் அமைப்பின் பில்லிங் ஆட்களிடம் பேசினால் தவணையாவது கொடுப்பார்கள்.

மைத்துனர் அனுப்பியது பொய் இல்லை, அது அவருடைய மாநிலத்துக் கதை. நியூஜெர்சியில் ஒரு லைனுக்கு மாதம் 90 சென்ட் வாங்குகிறார்கள், அதில் பெரும்பகுதி 911 அழைப்பை எடுக்கும் கவுண்டி, நகராட்சி மையங்களுக்குப் போகாமல் மாநிலத்தின் மற்ற செலவுகளோடு கலந்துவிடுகிறது. எந்த மாநிலம் 911 கட்டணத்தை வேறு செலவுக்குத் திருப்புகிறது என்று எஃப்சிசி, அதாவது மத்திய தகவல் தொடர்பு ஆணையம், வருடா வருடம் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும் என்று 2008-ல் சட்டம் வந்தது. அந்த அறிக்கைகளில் நியூஜெர்சி, நியூயார்க் இரண்டின் பெயரும் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. அப்படித் திருப்புகிற மாநிலத்துக்கு மத்திய அரசின் 911 மானியம் கிடையாது. எடிசனில் இருக்கிறவர் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது, அதே செய்தியை எடுத்துக்கொண்டு நீங்கள் உங்கள் கவுண்டிக் கூட்டத்துக்குப் போனால் அங்கே உட்கார்ந்திருக்கும் அதிகாரி ஒரே நிமிடத்தில் உங்களை மடக்கிவிடுவார். உங்கள் கவுண்டியில் பிரச்சினை வேறு.

பென்சில்வேனியாவில் 911 என்பது கவுண்டியின் பொறுப்பு, 1990-ல் வந்த சட்டத்திலிருந்தே அப்படித்தான். கட்டணத்தை மாநிலம் நிர்ணயிக்கிறது. 2015-க்கு முன்னால் வீட்டு லைனுக்குக் கவுண்டிக்குக் கவுண்டி ஒரு கணக்கு, செல்போனுக்கு ஒரு டாலர். அந்த வருடம் எல்லாவற்றையும் சேர்த்து 1.65 என்று ஆக்கினார்கள். அதை 1.95 ஆக்கியது 2024-ல். நடுவில் அந்த எட்டு வருடத்துக்கு மேல் ஒரு சென்ட் ஏறவில்லை. அதே எட்டு வருடத்தில் உங்கள் சம்பளம், மளிகை, வாடகை எல்லாம் எங்கே போய் நின்றன என்று யோசித்துப் பாருங்கள். போன் கம்பெனி வசூலிக்கும் இந்தப் பணம் மாநில நிதிக்குப் போய், மாநிலம் முழுக்க உள்ள இணைப்பு வேலைகளுக்கு என்று ஒரு பங்கு கழிந்து, மீதி ஒரு சூத்திரப்படி கவுண்டிகளுக்கு வருகிறது. அது போதாதபோது பள்ளத்தை நிரப்புவது கவுண்டியின் பொது நிதி, அதாவது சொத்து வரி. ஆக நீங்கள் கேட்டதற்கு நேரான பதில்: ஒரே சேவைக்கு இரண்டு குழாயிலிருந்து தண்ணீர் வருகிறது, ஆம்புலன்ஸ் மட்டும் வேறு கிணறு.

உங்கள் பங்கு எவ்வளவு என்று பார்ப்போம். நாலு லைன், மாதம் 7.80, வருடத்துக்கு 93.60 டாலர். அரை மில் என்றால் மதிப்பிட்ட சொத்தில் ஆயிரம் டாலருக்கு ஐம்பது சென்ட். உங்கள் வீட்டின் வரி மதிப்பு இரண்டு லட்சம் என்றால் வருடத்துக்கு நூறு டாலர். (வாங்கிய விலையைப் போட்டுக் கணக்குப் பார்க்காதீர்கள், இங்கே பல கவுண்டிகளில் மறுமதிப்பீடு நடந்து பல்லாண்டு ஆகிறது, வரி மதிப்பு விற்பனை விலையைவிட ரொம்பக் கீழே இருக்கும்.) இரண்டும் சேர்ந்து வருடத்துக்கு இருநூறு டாலருக்குள். உங்கள் சொத்து வரியில் பெரிய பங்கு பள்ளி மாவட்டத்துக்குப் போகிறது, அங்கே ஏறும்போது யாரும் எனக்குக் கடிதம் எழுதுவதில்லை, அது கிடக்கட்டும்.

இந்தப் பணம் எதற்குப் போகிறது என்றால், கம்ப்யூட்டர், ரேடியோ கோபுரம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அதுவும் உண்டு. ஆனால் பட்ஜெட் மேஜைக்கு வந்த முதல் வாரத்தில் என் மேலதிகாரி ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டிய கணக்கு ஒன்று, அதை இங்கே அப்படியே போடுகிறேன். ஒரு நாற்காலி. அதில் ராத்திரி பகல், தேங்க்ஸ்கிவிங், கிறிஸ்துமஸ் எல்லா நாளும் ஒரு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரத்துக்கு 40 மணி நேரம் வேலை பார்த்தால் 4.2 ஆள். லீவு, காய்ச்சல், பிரசவ விடுப்பு, கட்டாயப் பயிற்சி எல்லாம் கழித்தால் ஐந்துக்கு மேல். பத்து நாற்காலி உள்ள ஒரு சாதாரண மையத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் வேண்டும். அதில் பன்னிரண்டு இடம் காலி என்று வைத்துக்கொள்ளுங்கள், முப்பத்தெட்டு பேர் ஐம்பது பேரின் வேலையைப் பார்க்கிறார்கள். எப்படி? பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடிந்து பையை எடுக்கும்போது சூப்பர்வைசர் வந்து "இன்றைக்கு நீ மேண்டேட்" என்பார், அதாவது இன்னும் நாலு மணி நேரம் இருந்தே ஆக வேண்டும். என் மகளின் பள்ளி நாடகத்தைப் போன் வீடியோவில்தான் பார்த்தேன், அதுவும் மறுநாள். இப்படி ஒரு வருடம் போனால் நல்ல ஆட்கள் அமேசான் கிடங்குக்குப் போய்விடுகிறார்கள், அங்கே சம்பளம் ஏறக்குறைய அதேதான், யாரும் போனில் அழுதுகொண்டு கத்த மாட்டார்கள். புதிதாக எடுத்தவர் தனியாக நாற்காலியில் உட்கார எங்கள் மையத்தில் ஏழெட்டு மாதம் ஆகிறது. அதற்குள் பாதிப் பேர் நிற்பதில்லை.

இது ஏதோ ஒரு கவுண்டியின் நிர்வாகக் குறை இல்லை, நாடு முழுக்க இதே கதை. மத்திய அரசின் தொழில் பட்டியலில் இந்த வேலை இன்னும் போலீஸ், தீயணைப்புக்காரர்களோடு இல்லை, அலுவலக எழுத்தர்களின் வரிசையில்தான் இருக்கிறது. ஒரு குழந்தைக்கு எப்படி நெஞ்சை அழுத்த வேண்டும் என்று போனில் எண்ணிச் சொல்கிறவரும் ஃபைல் அடுக்குகிறவரும் அரசாங்கத்தின் கணக்கில் ஒரே வரிசை. அதை மாற்ற வேண்டும் என்று வாஷிங்டனில் மசோதா கொண்டுவந்து கொண்டுவந்து வைக்கிறார்கள்.

காலி இடத்தில் ஒரு விஷமம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. பன்னிரண்டு இடம் காலி என்றால் பட்ஜெட் தாளில் சம்பள வரியில் பணம் மிச்சம். கவுண்டியை நடத்தும் கமிஷனர்களுக்கு அது நல்ல செய்தி மாதிரித் தெரியும். இரண்டு வரி கீழே ஓவர்டைம் வரியில் அந்த மிச்சம் ஒன்றரை மடங்காக வெளியே போயிருக்கும். வருடக் கடைசியில் "911 மையம் பட்ஜெட்டைத் தாண்டிவிட்டது" என்று பேச்சு வரும், அடுத்த வருடம் ஆள் எடுப்பதை நிறுத்தி வைப்பார்கள், அப்புறம் ஓவர்டைம் இன்னும் ஏறும். இந்தச் சுற்றை நான் இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

சரி, உங்கள் நாற்பது வினாடிக்கு வருகிறேன். 90 சதவீத அழைப்புகளை 15 வினாடிக்குள் எடுக்க வேண்டும், 95 சதவீதத்தை 20 வினாடிக்குள் என்பது நீனா என்ற தேசிய 911 சங்கம் வைத்திருக்கும் அளவுகோல். நாற்பது அதிகம்தான், மனைவி பயத்தில் வேகமாக எண்ணியிருந்தாலும் அதிகம்தான். அந்த நேரம் அங்கே என்ன நடந்தது என்று தெரியாமல் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் நெடுஞ்சாலையில் ஒரு கார் கவிழ்ந்தால் பின்னால் வருகிற அத்தனை பேரும் 911-ஐக் கூப்பிடுவார்கள், ஒரே விபத்துக்கு நாற்பது ஐம்பது அழைப்பு, இருக்கிற ஆறு பேரும் அதையே திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருப்பார்கள், வரிசையில் ஐம்பத்தோராவதாக ஒரு வீட்டில் ஒருவருக்கு மூச்சு நின்றிருக்கும். இன்னொரு தொல்லை, பவர் பட்டனை ஐந்து தடவை அழுத்தினால் அவசர அழைப்பு போகிற ஆண்ட்ராய்டு போன்கள், விழுந்தால் தானாகக் கூப்பிடுகிற கடிகாரங்கள். தவறி அழைத்துவிட்டால் பயந்து வெட்டிவிடாதீர்கள், லைனிலேயே இருந்து "தவறுதலாக வந்துவிட்டது" என்று சொல்லுங்கள். வெட்டினால் நாங்கள் திருப்பிக் கூப்பிட வேண்டும், எடுக்காவிட்டால் சில இடங்களில் போலீஸையே அனுப்ப வேண்டும். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை என்று வெட்டிவிட்டு மறுபடி கூப்பிடுவதும் அப்படித்தான், வரிசையின் கடைசிக்குப் போய்விடுவீர்கள். நீங்கள் வெட்டாமல் காத்திருந்தது சரி.

பக்கத்துக் கவுண்டிக்காரர் எடுத்தாரே, அதில்தான் எனக்கு ஒரு சந்தேகம், இதை இன்றைக்கே பாருங்கள். உங்கள் பழைய அப்பார்ட்மெண்ட் அந்தக் கவுண்டியில்தானே இருந்தது? போன் அமைப்புகளில் வைஃபை காலிங் என்ற இடத்துக்குப் போனால் அவசர முகவரி என்று ஒன்று இருக்கும், வைஃபை காலிங்கை முதல் தடவை ஆன் செய்தபோது நீங்கள் போட்டது. வீடு மாறியபோது பேங்க், லைசென்ஸ், அமேசான் எல்லாவற்றிலும் முகவரியை மாற்றியிருப்பீர்கள், இதை யாரும் மாற்றுவதில்லை. 911 அழைப்பைப் போன் முதலில் செல் கோபுரம் வழியாகத்தான் அனுப்பப் பார்க்கும், சிக்னல் இல்லாவிட்டால் வைஃபை வழியாகப் போகும், அப்போது அந்தப் பழைய முகவரியை வைத்து அழைப்பு பழைய கவுண்டிக்கே போக வாய்ப்பு அதிகம். நாலு போனிலும் மாற்றுங்கள், அத்தை மறுபடி வந்தால் அவர் கையில் கொடுக்கிற போனிலும்.

அது இல்லையென்றால் கோபுரம். ஆரம்பத்திலிருந்தே செல்போன் அழைப்பு எந்தக் கோபுரத்தில் விழுகிறதோ அந்தக் கோபுரத்துக்கு என்று எழுதி வைத்திருக்கும் மையத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. கவுண்டி எல்லை கோபுரத்துக்குத் தெரியாது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கோபுரம் உங்கள் வீட்டுக்கு நன்றாக எட்டினால் அழைப்பு அந்தப் பக்கம்தான். அழைக்கும் போன் எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்தே வழி அனுப்ப வேண்டும் என்று 2024 ஜனவரியில் எஃப்சிசி உத்தரவு போட்டது, பெரிய கம்பெனிகளுக்கு ஆறு மாதம், சின்னவற்றுக்கு இரண்டு வருடம் அவகாசம். அதிலும் போன் தன் இடத்தை 165 மீட்டருக்குள் உறுதியாகச் சொல்ல முடிந்தால்தான் அது வேலை செய்யும், முடியாவிட்டால் பழையபடி கோபுரம்தான்.

அடுத்தது அந்தப் பெண்ணின் கேள்விகள். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, ஆறு வருடம் அந்தக் கோபத்தை மறுமுனையில் இருந்து வாங்கியிருக்கிறேன். "முதலில் ஆம்புலன்ஸை அனுப்பு, அப்புறம் கேள்வி கேள்" என்று தமிழில், தெலுங்கில், ஸ்பானிஷில், பென்சில்வேனியா உச்சரிப்பில் எல்லாம் கேட்டாகிவிட்டது. முகவரியும் "மயங்கிவிட்டார்" என்ற ஒரு சொல்லும் அவர் திரையில் ஏறியதுமே, அதே அறையில் இன்னொரு மேஜையில் இருக்கும் டிஸ்பேட்சருக்கு அது போய்விடும், அவர் ரேடியோவில் வண்டியைக் கிளப்பிவிடுவார். அதற்கு அப்புறம் வருகிற கேள்விகள் வண்டி போய்க்கொண்டிருக்கும்போது கேட்கப்படுபவை. சர்க்கரை வியாதி உண்டா, முழித்திருக்கிறாரா, சாதாரணமாக மூச்சு விடுகிறாரா. இடையில் "வாயில் எதுவும் ஊற்றாதீர்கள்" என்றும் சொல்லியிருப்பாரே? நம் வீடுகளில் யாராவது மயங்கினால் அடுத்த நொடி ஒருவர் சர்க்கரைத் தண்ணீரோடு ஓடி வருவார். நினைவில்லாதவருக்கு அது மூச்சுக்குழாயில் போய் அடைத்துவிடும், அதனால்தான் அந்த வரியை ஒவ்வொரு தடவையும் சொல்கிறோம். மறுபடி முதலிலிருந்து முகவரி கேட்டதும் அலட்சியம் இல்லை. மாற்றி வருகிற அழைப்பில் குரல்தான் முழுதாக வரும், முந்தைய மையம் தட்டியது எங்கள் திரையில் வராது, இரண்டு கவுண்டிகளின் மென்பொருளும் பேசிக்கொள்ளாவிட்டால் அவ்வளவுதான். உங்கள் 1.95-ல் ஒரு பங்கு மாநில இணைப்பு வேலைக்குப் போகிறது என்றேனே, அது இந்தப் பிரச்சினைக்குத்தான்.

கூட்டத்துக்கு வருவோம். மனைவியிடம் சொல்லுங்கள், ஓட்டுக்கும் பேசுகிற உரிமைக்கும் சம்பந்தமில்லை. பென்சில்வேனியாவில் சன்ஷைன் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, பொதுக்கூட்டத்தில் பேச அந்த இடத்தில் குடியிருப்பவருக்கும் வரி கட்டுபவருக்கும் வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. நீங்கள் இரண்டும்தான். குடியுரிமை கேட்க மாட்டார்கள், பெயரும் டவுன்ஷிப்பும் கேட்பார்கள், அநேகமாக மூன்று நிமிடம் கொடுப்பார்கள். கவுண்டி பட்ஜெட் வருடம் ஜனவரி முதல் டிசம்பர் வரை, நிறைவேற்றுவதற்குக் குறைந்தது இருபது நாள் முன்னால் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், எனவே ஏற்கெனவே கவுண்டி இணையதளத்தில் வந்திருக்கும். தனக்கென்று தனி ஆட்சிமுறைச் சாசனம் வைத்துக்கொள்ளாத கவுண்டிகளில் மூன்று கமிஷனர்கள், அவர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையே ஒரு கட்சி மூன்று இடத்தையும் பிடிக்க முடியாதபடி அமைந்திருக்கிறது. தோற்ற கட்சியின் அந்த ஒரு கமிஷனருக்குக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு மின்னஞ்சல் போடுங்கள், அவருக்குக் கேள்வி கேட்க ஆசையாக இருக்கும், கையில் கேள்வி இருக்காது.

அங்கே போய் "ஏன் வரியை ஏற்றுகிறீர்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்குப் பதில் ஏற்கெனவே அச்சடித்து வைத்திருப்பார்கள். பட்ஜெட்டில் 911 நிதி என்று தனியாக ஒரு பக்கம் இருக்கும், அதில் பொது நிதியிலிருந்து மாற்றம் என்று ஒரு வரி, அந்த எண் மூன்று வருடமாக எப்படி ஏறியிருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் எத்தனை இடம் அனுமதி, அதில் இன்றைக்கு எத்தனை பேர் நாற்காலியில் இருக்கிறார்கள், ஓவர்டைமுக்குப் போன வருடம் ஒதுக்கியது எவ்வளவு, உண்மையில் போனது எவ்வளவு, 15 வினாடிக்குள் எடுத்த அழைப்பு எத்தனை சதவீதம், அதுவும் மாதச் சராசரியாக இல்லாமல் ராத்திரி நேரத்துக்குத் தனியாக. சராசரி எப்போதும் அழகாகத்தான் இருக்கும், அதிகாலை மூன்று மணி அமைதி எல்லாவற்றையும் சரிக்கட்டிவிடும். கடைசியாக, இந்த அரை மில் எதற்கு என்று. புது ரேடியோ கோபுரக் கடனுக்கா, ஆட்களின் சம்பளத்துக்கா? ரேடியோ கடன் என்றால் அது இருபது வருடச் செலவு, அந்த வரி திரும்ப இறங்கவே இறங்காது. சம்பளத்துக்கு என்றால் என் சொந்த அபிப்பிராயம், நூறு டாலரைக் கொடுங்கள். சம்பளத்துக்கு என்று சொல்லிவிட்டு ஆள் எடுப்பதையும் நிறுத்தி வைத்திருந்தால் அந்த மூன்று நிமிடத்தையும் அதற்கே செலவிடுங்கள்.

உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள், கோபமாக இல்லாமல், நேரத்தோடு. "செப்டம்பரில் ராத்திரி பதினோரு மணிக்கு, நாற்பது வினாடி" என்று ஒருவர் நின்று சொல்லும்போது அந்த அறையில் விழுகிற அமைதி, நான் எத்தனை அட்டவணை போட்டுக் காட்டினாலும் விழாது.

புகார் கொடுங்கள், தயங்க வேண்டாம். ஆனால் 911-க்குப் போன் செய்து இல்லை, மையத்தின் அலுவலக எண்ணுக்குக் கூப்பிட்டு "என் அழைப்பைத் தரப் பரிசோதனைக்கு எடுத்துப் பாருங்கள்" என்று தேதி, நேரம், கூப்பிட்ட எண்ணைக் கொடுங்கள். எல்லா அழைப்பும் பதிவாகியிருக்கும், எத்தனை மணி அடித்தது, எப்போது எடுத்தார், எப்போது வண்டி கிளம்பியது என்று வினாடியோடு இருக்கும். அந்தப் பெண்ணின் வேலை போகாது. அவர் சரியாகச் செய்திருந்தால் அது அவர் கோப்பில் நல்லதாகவே சேரும், என் கோப்பிலும் அப்படி இரண்டு உண்டு. பதில் மழுப்பலாக வந்தால் தகவல் அறியும் சட்டப்படி எழுதிக் கேளுங்கள், அமெரிக்காவில் சட்டப்படி வசிப்பவர் யாரும் கேட்கலாம், ஐந்து வேலை நாளுக்குள் ஏதாவது ஒரு பதில் வர வேண்டும், அது இன்னும் முப்பது நாள் வேண்டும் என்ற பதிலாகவும் இருக்கலாம். ஒலிப்பதிவைக் கொடுக்க மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. நேரக் குறிப்பேட்டை அந்த விலக்கிலிருந்து சட்டமே தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது, எனவே "நேரக் குறிப்பேடு" என்றே எழுதிக் கேளுங்கள்.

அத்தை அடுத்த தடவை வரும்போது ஒரு காரியம். வீட்டு முகவரியோடு டவுன்ஷிப்பின் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். தபால் முகவரியில் இருக்கிற ஊர்ப் பெயரும் டவுன்ஷிப்பும் இந்த மாநிலத்தில் பல இடங்களில் ஒன்றாக இருக்காது. எக்ஸ்டன் என்று முகவரி எழுதுகிற நம்மவர்கள் ஏராளம், எக்ஸ்டன் என்று ஒரு டவுன்ஷிப்பே கிடையாது, பெரும்பாலும் அது வெஸ்ட் வைட்லேண்ட், சில தெரு பக்கத்து டவுன்ஷிப்பில். அத்தையிடம் ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல் பழக்கிவிடுங்கள், "டமில்". மொழிபெயர்ப்பாளர் லைனை நாங்கள் நொடியில் சேர்த்துவிடுவோம். "இண்டியன்" என்றால் இந்திக்காரரைப் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள். ஒரு முறை என் பக்கத்து நாற்காலியில் ஒரு பாட்டி தமிழில் அழ, மறுமுனையில் மொழிபெயர்ப்பாளர் இந்தியில் "போலியே ஜி, போலியே ஜி" (பேசுங்கள், பேசுங்கள்) என்று கெஞ்ச, நான் என் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு எட்டிப் போய் "பாட்டி, நான் பேசுறேன், சொல்லுங்க" என்றேன். அந்தப் பக்கம் அழுகை நின்று, "நீ யாரு புள்ள?" என்று கேட்டார்.

கூட்டம் அநேகமாக வேலை நாளில் காலை பத்து மணிக்கு வைப்பார்கள், அரை நாள் லீவு சொல்லிவிடுங்கள். கூட்டம் நடக்கிற கோர்ட் கட்டடத்துக்கு முன்னால் இருக்கிற பார்க்கிங் மீட்டர் சில ஊர்களில் இன்னும் சில்லறைதான் வாங்கும், குவார்ட்டர் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போங்கள்.